ஒரு தடியும் மூன்று தந்தியும்: முதல் டல்சிமரைத் தெரிவுசெய்வது எப்படி?

கடந்த வருடம் பெப்ரவரி மாதத்தில் ஓர் இரவு ரொறன்ரோவிலிருந்து அக்கா வீடியோ கோல் எடுத்தார். அவருடைய மடியில் ஒடுங்கிய, நீளமான மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் நடுவே நெடுக ஒரு கட்டை, அதன்மேல் சில தந்திகள். இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பென்சில் அளவில் ஒரு தடியைப் பிடித்திருந்தார். தடியைத் தந்தியின் மேல் வைத்து நகர்த்தியபடி வலது கையால் மீட்டினார். தெளிவாக ஒரு மெட்டு வந்தது.

“தம்பி, பாத்தியோ? விரல் தேவையில்லை. தடி பிடிக்கத் தெரிஞ்சாக் காணும்” என்றார்.

அக்கா பாடசாலைக் காலத்தில் வயலின் படித்தவர். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றியவர். 2009 மார்ச்சில் மாத்தளனில் செல் துண்டு பட்டதில் இடது கையின் கடைசி மூன்று விரல்களும் மடங்காமல் போய்விட்டன. வயலினுக்கு இடது கையின் நான்கு விரல்களும் வேண்டும். அதன்பிறகு எங்கள் வீட்டில் வயலினைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

மடியில் இருந்த கருவி அவருடன் வேலை செய்யும் பெண்மணியுடையது. அந்தப் பெண்மணியின் பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியிலிருந்து டெட்ரொயிட் கார்த் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் போனவர்கள். கருவியின் பெயர் மலை டல்சிமர்.

அக்கா உடனேயே தனக்கும் ஒன்றை இணையத்தில் வாங்கினார். படத்தில் அழகாக இருந்தது, விலையும் குறைவு. மூன்று வாரம் கழித்து அழைத்தபோது குரல் மாறியிருந்தது. “கைதான் போச்சுதெண்டு நினைச்சன். இப்ப காதும் போச்சுது போல. எதை வாசிச்சாலும் பிசகுது.”

காது போகவில்லை. வேலைத்தோழி வந்து அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தார். கருவியில் மெட்டுக்கள் தவறான இடங்களில் அடிக்கப்பட்டிருந்தன. அந்தக் கருவியில் எவராலும் சுருதி பிசகாமல் வாசித்திருக்க முடியாது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தச் சம்பவம்தான். பழகியவர் கெட்ட கருவியை எடுத்தால் கருவியைக் குறை சொல்வார். புதிதாகத் தொடங்குபவர் தன்னையே குறை சொல்வார். ஏற்கெனவே உடம்பில் ஒன்றை இழந்தவர் இன்னும் விரைவாகச் சொல்வார். இரண்டாவது தடவை பிழைக்கக் கூடாது என்று நானும் அக்காவும் பல மாதங்கள் தேடிப் படித்ததையும், வாசிப்பவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறேன்.

ஒரே பெயரில் இரண்டு கருவிகள்

‘டல்சிமர்’ என்று தேடினால் இரண்டு வேறுபட்ட கருவிகள் வரும். ஒன்று, சரிவகப் பெட்டியில் ஏராளமான தந்திகளைக் கட்டிச் சிறு சுத்தியல்களால் தட்டி வாசிப்பது. அது நமக்குத் தெரிந்த சந்தூருக்கு உறவு. இங்கே சொல்வது அதுவல்ல. மலை டல்சிமருக்கு மூன்று அல்லது நான்கு தந்திகளே உண்டு. அப்பலாச்சியன் டல்சிமர் என்றும் சொல்வார்கள். வாங்கும்போது இந்த இரண்டு பெயர்களில் ஒன்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பலாச்சியன் மலைத்தொடரில் குடியேறிய மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான கருவி இது. ஜேர்மனியக் குடியேறிகள் கொண்டுவந்த ஷைட்ஹோல்ட் என்ற ஒடுங்கிய தந்திக்கருவிதான் இதன் மூதாதை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஸ்கொட்லாந்து, அயர்லாந்து வழிவந்தவர்களின் பாடல்கள் அதில் ஏறின. வீட்டில் கிடைத்த மரத்தில் வீட்டிலேயே செய்த கருவி என்பதால் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வடிவம் மாறியது. கென்டக்கியின் நொட் கவுண்டியில் ஜே. எட்வேர்ட் தோமஸ் என்பவர் 1930 வரை பல தசாப்தங்கள் இடை ஒடுங்கிய டல்சிமர்களைச் செய்து விற்றார். இன்று பரவலாகக் காணப்படும் வடிவம் அதுவே. வேர்ஜினியாவின் கேலக்ஸ் பகுதியில் முட்டை வடிவம் வழக்கம். அங்கே நான்கு தந்திகளையும் ஒரே சுரத்தில் கட்டி, இறகுத் தண்டால் வேகமாக மீட்டுவார்கள்.

மலைகளுக்கு வெளியே இதைக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் ஜீன் ரிச்சி. 1922இல் கென்டக்கியின் வைப்பர் என்ற சிற்றூரில், பதினான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். தந்தை தன் டல்சிமரைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் சிறுமி ஜீன் களவாக எடுத்து வாசித்துப் பழகினார். பின்னர் நியூயோர்க்கில் சமூகப் பணியாளராக வேலை செய்தபோது அங்குள்ள பிள்ளைகளுக்குத் தன் ஊர்ப் பாடல்களைச் சொல்லிக்கொடுத்தார். கணவருடன் சேர்ந்து டல்சிமர்களைச் செய்து விற்றார். 1963இல் வெளிவந்த அவரது டல்சிமர் நூலைப் பார்த்துப் பழகியவர்கள் ஏராளம். நிலக்கரி நிறுவனங்கள் மலைகளை வெட்டி ஆறுகளைக் கறுப்பாக்கியதைப் பற்றியும் அவர் பாட்டெழுதினார். ஊரிலிருந்த தாய்க்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவற்றில் சிலவற்றை ஓர் ஆண் பெயரில் வெளியிட்டார். 2015இல் காலமானார்.

எப்படி வாசிப்பது?

தெரிவு செய்வதற்கு முன் வாசிக்கும் முறை விளங்க வேண்டும். கருவியை மடியில் குறுக்காக வைத்து, உங்களுக்கு மிக அருகில் உள்ள தந்தியில் பாட்டை வாசிப்பீர்கள். மற்றத் தந்திகள் தம்புராவைப் போல ஒரே சுருதியில் பின்னால் ஒலித்துக்கொண்டிருக்கும். நோட்டர் எனப்படும் சிறு தடியால் பாட்டுத் தந்தியை அழுத்தி நகர்த்துவது பழைய முறை. வெறும் விரல்களால் மூன்று தந்திகளையும் அழுத்தி வாசிப்பது பின்னர் பரவிய முறை. தொடங்குபவருக்கு இரண்டில் எதுவும் பொருந்தும்.

கிற்றாரில் எல்லா அரைச் சுரங்களுக்கும் மெட்டுக்கள் உண்டு. டல்சிமரில் ஏழு சுரங்களுக்கு மட்டுமே உண்டு. அதனால் தவறான சுரத்தில் தடி விழும் வாய்ப்புக் குறைவு. தொடங்குபவருக்கு இது இலகுவாக இருப்பதன் முதற்காரணம் அதுதான்.

நமது சங்கீதம் படித்தவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இன்று மிகப் பரவலான சுருதி அமைப்பு டி, ஏ, டி. அதாவது ச, ப, மேல் ச. இந்த அமைப்பில் வெறுந்தந்தியிலிருந்து மெட்டு மெட்டாக ஏறினால் கிடைப்பது ஹரிகாம்போதியின் சுரங்கள். டி, ஏ, ஏ என்பது பழைய அமைப்பு, அதாவது ச, ப, ப. அதில் மூன்றாம் மெட்டைச் சட்சமாகக் கொண்டு ஏறினால் சங்கராபரணத்தின் சுரங்கள் வரும். பாட்டுத் தந்தியை மட்டும் மாற்றிச் சுருதி சேர்த்து நடபைரவி, கரகரப்பிரியா ஆகியவற்றின் சுரங்களையும் எடுக்கலாம். ஆனால் வீணையில் போலத் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க இதில் அதிகம் இடமில்லை. தடியைச் சறுக்கி ஓரளவு ஜாருகள் கொடுக்கலாம், அவ்வளவுதான். இதை வீணைக்கு மாற்றீடாக நினைத்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இங்கே முதலாவது தெரிவு வருகிறது. ஆறாம், ஏழாம் மெட்டுக்களுக்கு இடையில் ‘ஆறரை’ என்று அழைக்கப்படும் மேலதிக மெட்டு ஒன்று இன்றைய கருவிகளில் பெரும்பாலும் இருக்கும். அது இருந்தால் ச, ப, ச அமைப்பிலேயே சங்கராபரணத்தின் நிஷாதமும் கிடைக்கும். முதல் கருவியில் ஆறரை மெட்டு இருப்பது நல்லது. அரைச் சுரங்கள் அனைத்தையும் கொண்ட கருவிகளும் விற்பனையில் உண்டு. தொடக்கத்தில் அவை தேவையில்லை, தடி எங்கே நிற்க வேண்டும் என்ற குழப்பம்தான் கூடும்.

முதலில் மெட்டு, பிறகு மரம்

வாசிப்பவர்களிடையே ‘டல்சிமர் வடிவப் பொருள்’ என்று ஒரு கேலிச்சொல் உண்டு. சுவரில் மாட்ட அழகாக இருக்கும், வாசிக்க உதவாது. அக்காவுக்கு முதலில் வந்தது அப்படி ஒன்றுதான். இவற்றைக் கண்டுபிடிக்க இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதற் சோதனை ஏழாம் மெட்டு. ஆறரை மெட்டைச் சேர்க்காமல் எண்ணினால், ஏழாவது மெட்டில் மேல் ஸ்தாயிச் சுரம் வரவேண்டும். எனவே அது தந்தியின் நடுவில் இருக்க வேண்டும். தந்தி புறப்படும் மேட்டிலிருந்து ஏழாம் மெட்டுக்கும், அங்கிருந்து குதிரைக்கும் உள்ள தூரங்கள் ஏறக்குறையச் சமமாக இருக்கும். குதிரைப் பக்கம் ஒரு சில மில்லிமீற்றர் கூடுதலாக இருப்பது சரியே. பிறகு ஏழாம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை விரலால் இலேசாகத் தொட்டு மீட்டுங்கள். மணி போல ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும்.

இரண்டும் ஒத்துவராவிட்டால் உடனே கைவிட வேண்டாம். சில கருவிகளில் குதிரை ஒட்டப்பட்டிருக்காது, நகர்த்திச் சரிசெய்யலாம். நகர்த்திய பிறகு ஏழாம் மெட்டுச் சரியாகி மற்றவை பிசகினால், அந்தக் கருவியின் மெட்டுக்களே பிழை. அதைத் திருத்த முடியாது.

அடிமட்டத்தாலும் பார்க்கலாம். தந்தியின் நீளம் 700 மில்லிமீற்றர் என்றால், அது புறப்படும் மேட்டிலிருந்து மூன்றாம் மெட்டு சுமார் 176இலும், நான்காம் மெட்டு சுமார் 233இலும், ஏழாம் மெட்டு 350இலும் இருக்க வேண்டும். நீளம் வேறாக இருந்தால் அதே விகிதத்தில் கணக்கிடுங்கள். அக்காவின் கருவியில் மூன்றாம் மெட்டு ஐந்து மில்லிமீற்றர் தள்ளியிருந்தது. பார்ப்பதற்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பின்னால் சுருதி தொடர்ந்து ஒலிக்கும் கருவியில் அந்தப் பிசகு ஒவ்வொரு முறையும் காதில் குத்தும்.

இரண்டாவது சோதனை தந்தியின் உயரம். ஏழாம் மெட்டின் மேல் அமெரிக்க ஐந்து சத நாணயம் ஒன்றைப் படுக்க வைத்தால் தந்தி அதைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும் என்பது வாசிப்பவர்களின் கைக்கணக்கு. அந்த நாணயத்தின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். உயரம் அதைவிட மிகக் கூடினால் அழுத்தும் கை விரைவில் களைக்கும், சுரமும் ஏறிவிடும். மிகக் குறைந்தால் தந்தி மெட்டில் உரசி இரையும். தடியால் வாசிப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலான உயரம் பரவாயில்லை, தடி பக்கத்துத் தந்தியில் இடிபடாமல் இருக்க அது உதவும்.

மூன்றாவதாக, எல்லா மெட்டுக்களிலும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டிக் கேளுங்கள். எங்காவது இரைச்சல் வந்தால் மெட்டு உயர்ந்திருக்கிறது அல்லது கட்டை வளைந்திருக்கிறது.

எந்தக் கைக்கு எது?

மேலே சொன்னவை எல்லோருக்கும் பொது. இனிச் சொல்பவை உங்கள் உடம்பைப் பொறுத்தவை. எங்களில் பலர் முழுக் கையோடும் முழுக் காலோடும் இல்லை என்பதால் கடைக்காரர்கள் வழமையாகச் சொல்லாத சிலவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தந்தியின் நீளம் பெரும்பாலும் 25 முதல் 29 அங்குலம் வரை இருக்கும். விரல்களை விரித்து மூன்று தந்திகளையும் அழுத்த நினைப்பவர், சிறிய கை உடையவர் ஆகியோருக்குக் குறைந்த நீளம் வசதி. தடியால் வாசிப்பவருக்கு நீளம் பிரச்சினையே இல்லை. தடியைப் பிடிப்பதற்குப் பெருவிரலும் இன்னொரு விரலும் போதும். பிடி வலுவில்லாதவர்கள் தடியைக் கொஞ்சம் தடிப்பாகச் சீவிக்கொள்ளலாம். மூங்கிலோ வைரமான மரத்துண்டோ எதுவானாலும் சரி.

நான்கு தந்திக் கருவியில் பாட்டுத் தந்தி இரட்டையாக இருக்கும். ஒலி கூடும். ஆனால் இரண்டையும் ஒரே சுரத்தில் வைத்திருக்க வேண்டும், அழுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். கை பலவீனமானவர்களுக்கு மூன்று தந்தியே நல்லது. ஏற்கெனவே நான்கு தந்திக் கருவி கிடைத்தால் கவலை வேண்டாம், இரட்டைத் தந்தியில் ஒன்றைக் கழற்றிவிட்டு வாசிக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சுருதி சேர்க்கும் ஆணியைக் கட்டாயம் பாருங்கள். பழைய பாணிக் கருவிகளில் வயலினில் போல மர ஆணி இருக்கும். அதை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். பலமில்லாத கைக்கு அது தினசரி வேதனை. கிற்றாரில் போலப் பற்சக்கரம் வைத்த ஆணியை இரண்டு விரலால் திருப்பலாம்.

வலது கை பாதிக்கப்பட்டவர்கள் கருவியை மறுபக்கம் திருப்பி, தந்திகளை இடம் மாற்றிக் கட்டி வாசிக்கலாம். இதற்கு மெட்டுக்கள் கட்டையின் முழு அகலத்துக்கும் ஓட வேண்டும். சில பழைய கருவிகளில் பாட்டுத் தந்தியின் கீழ் மட்டுமே மெட்டு இருக்கும். அவை இதற்கு உதவா. தந்திகளின் தடிப்பு வேறுபடுவதால், அவை பதியும் வெட்டுக்களையும் குதிரையையும் சிறிது திருத்த வேண்டியிருக்கலாம்.

மடியில் வைக்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மேசையில் வைத்து வாசிக்கலாம். வழுக்காமல் கீழே ஒரு ரப்பர் துணி போதும். மேசைப் பலகையும் சேர்ந்து அதிர்வதால் ஒலி கூடுவதும் உண்டு. மடியில் வைப்பவர்கள் கைப்பிடி இல்லாத கதிரையில் உட்கார்ந்து, தொடையைச் சுற்றியோ இடுப்பைச் சுற்றியோ ஒரு பட்டி கட்டிக்கொண்டால் கருவி நழுவாது.

மரமும் விலையும்

இடை ஒடுங்கிய வடிவமா, கண்ணீர்த்துளி வடிவமா என்பது தொடங்குபவருக்கு முக்கியமில்லை. ஒலியில் வித்தியாசம் இருக்கும், எது பிடிக்கும் என்பது அவரவர் காது. வோல்நட், செர்ரி ஆகிய மரங்கள் வழமையானவை. மேற்பலகையை ஸ்புரூஸ் மரத்தில் செய்வதும் உண்டு. கனடா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வரண்டு முழுமரப் பலகை வெடிக்கலாம். ஈரப்பதத்தைக் கவனிக்க முடியாதவர்களுக்கு ஒட்டுப்பலகைக் கருவி பாதுகாப்பு.

காசு குறைவென்றால் அட்டை உடல் கொண்ட டல்சிமரைப் பற்றி யோசியுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மெட்டுக் கட்டை மரத்தில், மெட்டுக்கள் சரியான இடத்தில் இருக்கும். பெட்டி மட்டும் தடித்த அட்டை. அமெரிக்கப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு இவற்றைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். மெட்டுப் பிழைத்த அழகான மரக் கருவியைவிட இது பலமடங்கு மேல். ஆர்கன்சோவின் மவுண்டன் வியூவைச் சேர்ந்த மக்ஸ்பேடன் போன்ற, டல்சிமரையே தொழிலாகக் கொண்ட பட்டறைகளின் கருவிகள் சில நூறு டொலர் விலையில் வரும். அவற்றைப் பழையதாக வாங்கினால் இன்னும் குறையும். என் அபிப்பிராயத்தில் தொடங்குபவருக்குச் சிறந்த வழி, நல்ல பட்டறையின் பழைய கருவி.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நான் விசாரித்த இசைக்கருவிக் கடைகளில் டல்சிமர் இல்லை. இங்கிருப்பவர்கள் வெளிநாட்டு உறவினர் ஊடாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் இங்கே அனுப்புவதற்கு முன் ஏழாம் மெட்டுச் சோதனையை அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, வைரமான பெட்டியில் வைத்து, ஒரு சோடி மேலதிகத் தந்திகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். தந்தியின் நுனி வளையமா, உருண்டையா என்பது கருவிக்குக் கருவி மாறும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது கருவி

அக்கா கடைசியில் ஒரு பழைய கருவியை வாங்கினார். மூன்று தந்தி, வோல்நட் மரம், பற்சக்கர ஆணி, ஆறரை மெட்டு. அடியில் ஒரு நீளக் கீறல் இருக்கிறது. வாங்குவதற்கு முன் விற்பவர் வீட்டில் அடிமட்டத்தையும் நாணயத்தையும் வைத்து அளந்தார். விற்றவர் கோபிக்கவில்லை. உண்மையில் வாசிப்பவர்கள் யாரும் அதற்குக் கோபிப்பதில்லை. கோபித்தால் அங்கே வாங்க வேண்டாம்.

முதல் கருவியைத் திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டது. அது இப்போது அவரது வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கிளிநொச்சிக்கு அழைத்தார். நானும் வீட்டில் நின்றேன். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு அம்மா எதிரே இருந்தார். அக்கா சங்கராபரணத்தின் ஆரோகணம் அவரோகணத்தை மெதுவாக வாசித்தார். முன்பு வயலின் சாதகம் செய்யும்போது பக்கத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவர் அம்மா. இப்போதும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“பிள்ளை, மேல் சட்சத்தில அவசரப்படுறாய். அதில கொஞ்சம் நிண்டு இறங்கு” என்றார்.

அக்கா தடியை மீண்டும் தந்தியில் வைத்தார்.